ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கும் தனியுரிமை எதற்கு? கொழும்பிலிருந்து ஒரு பதில்

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நான் அரசியல் எழுதுவதில்லை. வாட்ஸ்அப்பில் மீம்ஸ் அனுப்புவேன், அவ்வளவுதான். அதுவும் என்கிரிப்ட் செய்யப்பட்டது என்கிறார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாத எனக்குத் தனியுரிமையைப் பற்றி என்ன கவலை? அடுத்தது, இணையத்தில் எங்களுக்கு எதிராக இனவாதம் கக்குகிறவர்களைப் பிடிக்க ஒரு சட்டம் வந்தால் நல்லதுதானே? பேச்சுச் சுதந்திரம் என்று சொல்லி அதை ஏன் எதிர்க்கிறீர்கள்?"

இரண்டாவது கேள்வி பலருடைய மனதிலும் இருக்கிறது, வாய்விட்டுக் கேட்கிறவர்கள்தான் குறைவு. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் முதல் கேள்வியை முடித்தால்தான் அதற்குப் போகலாம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விஷயம். நான் சட்டத்தரணி இல்லை. பத்திரிகை ஆசிரியபீடத்தில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது ஊடகவியலாளர்களுக்கும் இளைஞர் அமைப்புகளுக்கும் போன் பாதுகாப்புச் சொல்லிக்கொடுக்கிறவன். அந்த அளவில் வைத்து இதை வாசியுங்கள்.

"ஒளிக்க ஒன்றுமில்லை" என்பதை வேறு ஊர்க்காரர் சொன்னால் ஆளைப் பார்த்துப் பதில் சொல்லலாம். கொழும்புத் தமிழர் சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த நகரத்தில் நம்முடைய பெயர் ஒரு பட்டியலில் ஏறி, அந்தப் பட்டியல் பிறகு வேறொரு வேலைக்கு எடுக்கப்பட்டது ஒரு தடவை மட்டும் நடந்ததல்ல.

உங்கள் சட்டைப் பையிலிருந்தே தொடங்குவோம். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். 2016இலிருந்து வரும் 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக வருகிறது, மற்றபடி கணக்கு அதேதான். ஆக, "ஐசி நம்பரை மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்கிறவரிடம் அதைச் சொன்னால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் கூடவே போய்விடும். பல இடங்களில் ஆளை உறுதிப்படுத்தக் கேட்கும் கேள்வியே இந்தப் பிறந்த திகதிதான். யுத்த காலத்தில் இன்னொன்றும் இருந்தது. வடக்கு கிழக்கில் வழங்கிய அட்டைகளில் தமிழ் எழுத்து இருக்கும், தெற்கில் வழங்கியவற்றில் சிங்களம் மட்டும். சோதனைச் சாவடியில் நின்றவர் பெயரை வாசிக்கவே தேவையில்லை.

அப்புறம் பொலிஸ் பதிவு. வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்கு வந்தார்கள், எப்போது போவார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிசில் கொடுத்த காலம் உங்கள் அம்மா அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். லொட்ஜ்களில் தங்கியவர்களின் விபரம் தனியாகப் போகும். எல்லாம் "பாதுகாப்புக்காக" என்று சொல்லித்தான் எடுத்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்குவதற்குத் "தகுந்த காரணம்" இல்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசாங்கமும் பிறகு வருத்தம் தெரிவித்தது. ஆனால் அடுத்த வருடம், 2008 செப்டம்பரில், ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று மறுபடியும் வரிசையில் நிற்க வைத்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு ஒளிக்க ஏதாவது இருந்தது?

இன்னொரு சம்பவம் இதைவிட எனக்கு உறுத்தும். 2009 ஜனவரி 8ஆம் திகதி பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க அத்திடியவில் கொல்லப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பாவித்ததாகச் சொல்லப்பட்ட சிம் அட்டைகளை விசாரணையாளர்கள் தேடிப் போனபோது, அவை நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழ் மெக்கானிக்கின் அடையாள அட்டையின் பேரில் எடுக்கப்பட்டிருந்தன. அவர் கைது செய்யப்பட்டார். 2011இல் விளக்கமறியலிலேயே இறந்துபோனார். கொலையோடு அவருக்கு இருந்த தொடர்பு என்று வெளியே தெரிந்தது அந்த அடையாள அட்டை ஒன்றுதான்.

இப்போது நீங்கள் எத்தனை பேருக்கு அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். வாடகை வீட்டுத் தரகர், தவணைக்குப் பொருள் கொடுக்கும் கடை, பிரயாண முகவர், போட்டோ கொப்பிக் கடை. அந்தப் படங்கள் இன்னும் அவர்களுடைய போனில் கிடக்கின்றன. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் படத்தின் குறுக்கே "இன்ன வேலைக்கு மட்டும்" என்று எழுதி, திகதியும் போட்டுக் கொடுங்கள். கொப்பியில் என்றால் பேனையால் எழுதலாம். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தென்னாசியாவில் இப்படியொரு முழுமையான சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நாங்கள்தான் என்று பெருமையாகச் சொன்னார்கள். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும் உரிமை, பிழையைத் திருத்தச் சொல்லும் உரிமை, கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை, மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்று எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என்றார்கள். அந்தத் திகதி வருவதற்குள் அதைத் தள்ளி வைத்தார்கள். அதே வருடம் திருத்தச் சட்டமும் வந்தது. இன்னொரு பக்கம் விரல் அடையாளம், கண் எல்லாவற்றையும் பதிவு செய்யும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியோடு நகர்கிறது. சேர்க்கிற வேலைக்கு இருக்கும் அவசரம் காக்கிற வேலைக்கு இல்லை. டிஜிட்டல் அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நாள் முழுக்க நிற்பதை அது குறைக்குமென்றால் நல்லது. ஆனால் யார் பார்த்தார்கள், எதற்குப் பார்த்தார்கள் என்ற பதிவு எனக்குக் காட்டப்படாத ஒரு பட்டியலில் என் கண்ணையும் விரலையும் சும்மா சேர்க்க எனக்கு விருப்பமில்லை. நமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் தனியுரிமை என்று ஒரு உறுப்புரை இல்லை என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். இந்தியாவில் 2017 ஓகஸ்டில் ஒன்பது நீதியரசர்கள் சேர்ந்து தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இங்கே அப்படிச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இல்லை.

சரி, பேச்சுக்கு வருவோம்.

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுதானும் பேசாதே" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் இது பழமொழியாக இருக்கவில்லை, பஸ்ஸில் நடந்துகொள்ளும் முறையாக இருந்தது. பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதைக்க மாட்டார்கள். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் "பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள். யாரும் வாயைப் பொத்தவில்லை, யாரோ கேட்கிறார்கள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. தனியுரிமை போனால் பேச்சும் கூடவே போகும் என்று நான் சொல்வது இதைத்தான். தணிக்கைக்கு உத்தரவு வேண்டும், உத்தரவு போட்டவருக்குப் பெயர் இருக்கும், நீதிமன்றத்தில் கேட்கலாம். கண்காணிப்புக்கு அதெல்லாம் தேவையில்லை. மனிதன் தன்னையே தணிக்கை செய்துகொள்வான்.

பத்திரிகைக்காரருக்கு இது இன்னும் கூர்மையானது. 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் சடலமாகக் கிடந்தார். அதற்கு முன்னரும் பின்னரும் கொல்லப்பட்ட, காணாமற்போன ஊடகவியலாளர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதில் அதோடேயே முடிந்துவிடும். எழுதுகிறவருக்கு ஆபத்து என்பது வெளியே தெரிகிறது. அவருக்குத் தகவல் சொன்ன எழுதுவினைஞர், தாதி, சிப்பாயின் மனைவி எல்லாரும் மெல்ல விலகிப் போவது வெளியே தெரியாது. எவரும் எதுவும் சொல்லாவிட்டால் எழுதுகிறவருக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தும் என்ன பிரயோசனம்? நீங்கள் அரசியல் எழுதாமல் இருக்கலாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து காணாமற்போவதை எழுதுகிறவருக்கு, யாரோ ஒருவர் பயமில்லாமல் ஒரு மெசேஜ் அனுப்பக்கூடிய நாடு வேண்டும். உங்கள் தனியுரிமையில் பாதி அவருக்காக.

வாட்ஸ்அப் என்கிரிப்ட் செய்யப்பட்டதுதானே என்றீர்கள். உண்மைதான், 2016 ஏப்ரலிலிருந்து எல்லாருக்கும். நடுவில் இருக்கும் தொலைபேசி நிறுவனமோ வாட்ஸ்அப்போ செய்தியை வாசிக்க முடியாது. ஆனால் நீங்கள் யாரோடு, எப்போது, எத்தனை தடவை தொடர்பு கொண்டீர்கள் என்பது அதற்குள் அடங்காது. உங்கள் போன் எந்தக் கோபுரத்தோடு பேசியது என்பது தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும். இரவு பதினொன்றரைக்கு ஒரு சட்டத்தரணிக்கு மூன்று தடவை எடுத்தீர்கள் என்றால், என்ன பேசினீர்கள் என்று கேட்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. சிக்னல் செயலியிடம் 2016இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பாவனையாளரின் விபரத்தைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுந்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை. நம்பிக்கைக்குரிய நிறுவனம் எது என்று பார்ப்பதைவிட, எது குறைவாகச் சேர்க்கிறது என்று பாருங்கள். டெலிகிராமைப் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் சாதாரண உரையாடல் முனைக்கு முனை என்கிரிப்ட் ஆவதில்லை, "சீக்ரெட் சாட்" என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. குழுக்களுக்கு அதுவும் இல்லை.

பக்கப், அதாவது உரையாடல்களின் காப்புப் பிரதி, இன்னொரு கதை. வாட்ஸ்அப் உரையாடல்கள் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகின்றன. அந்தப் பிரதியையும் பூட்டும் வசதி 2021இல் வந்தது, ஆனால் நீங்களே போய்ப் போட்டால்தான் வேலை செய்யும். செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பக்கப், போய்ப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆனால் என் அனுபவத்தில், கொழும்பில் தமிழ் இளைஞர்கள் மாட்டுப்பட்ட கதைகளில் பெரும்பாலானவற்றில் யாரும் எந்த என்கிரிப்ஷனையும் உடைக்கவில்லை. பழைய மாணவர் குழு, கோயில் குழு, குடும்பக் குழு என்று எங்கோ ஓரிடத்தில் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறிடத்தில் போட்டிருப்பார். சில நேரம் கோபத்தில், சில நேரம் "பாருங்கோ இவன் எப்படி எழுதியிருக்கிறான்" என்ற வம்பில். இருநூறு பேர் இருக்கும் குழுவில் எழுதுவது சந்திச் சுவரில் எழுதுவது மாதிரிதான். காணாமற்போகும் செய்தி வசதியைப் போட்டு வையுங்கள், ஸ்கிரீன்ஷொட்டை அது தடுக்காது என்றாலும் பழைய கதைகள் போனில் குவிந்து கிடக்காது. போன் வேறு கையில் போனால் குவிந்து கிடப்பதுதான் பிரச்சினை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இனவாதிகளைப் பிடிக்கச் சட்டம் வந்தால் நல்லதுதானே?

அப்படியொரு சட்டம் 2007இலிருந்தே இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், எல்லாரும் சொல்வது ஐசிசிபிஆர் சட்டம். அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை சிறை. நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான், அதுவும் விசேட காரணம் காட்டினால்தான். வாசிக்க நமக்காகவே எழுதியது போல இருக்கிறது, இல்லையா? உள்ளே போனவர்கள் யார் என்று பாருங்கள்.

2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், ஒரு சிறுகதையை முகநூலில் போட்டதற்காக. நான்கு மாதம் உள்ளே. அதே வருடம் மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், அணிந்திருந்த உடையில் தர்மச் சக்கரம் இருக்கிறது என்று. அது கப்பலின் சுக்கான் சக்கரம். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்குப் பேனையாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் செய்ய வேண்டும் என்று சிங்களத்தில் எழுதினார். ஆயுதம் வேண்டாம் என்று சொன்னவரை ஐந்து மாதம் அடைத்து வைத்தார்கள். 2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர், கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்து. ஜூலையில்தான் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது.

2018இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் கைதான ஓர் இனவாதக் குழுவின் தலைவர் மீதும் இதே சட்டம் பாய்ந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மொத்தக் கணக்கில் அது விதிவிலக்கு.

இந்த வழக்குகளின் முடிவைப் பாருங்கள். சத்குமார 2021இல் விடுவிக்கப்பட்டார். ரம்ஸி ராஸிக்கின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லி, அரசு பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. தமிழ்க் கவிதைப் புத்தகம் ஒன்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே மாதம் பிடிக்கப்பட்ட மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். தீர்ப்பு நல்லதாகத்தான் வருகிறது. ஆனால் தண்டனையை அதற்கு முன்பே அனுபவித்து முடித்துவிடுகிறார்கள். இந்த நாட்டில் பேச்சுக்கான தண்டனை பிணை மறுப்புத்தான், ஒரு புதிய சட்டமூலம் வந்தால் நான் முதலில் தேடுவதும் பிணையைப் பற்றிய வாசகத்தைத்தான். எத்தனை வருடச் சிறை என்று போட்டிருப்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆட்சி மாறினால் இது மாறும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 செப்டம்பரில் மாறியது. 2025 மார்ச்சில் கொழும்பில் ஒரு வணிக வளாகத்தில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். அந்தச் சட்டம் 1979இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரில் வந்தது, பெயரில் இன்னும் அந்தச் சொல் இருக்கிறது.

அப்படியென்றால் வெறுப்பை விட்டுவிடுவதா? இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற வதந்தி வீடியோவாகப் பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் திகன எரிந்தது. பேஸ்புக்கிடம் சிங்களப் பதிவுகளைப் பார்க்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை, இங்குள்ள அமைப்புகள் முறையிட்ட பதிவுகள் அப்படியே கிடந்தன. 2020 மே மாதம் அந்த நிறுவனமே தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. வார்த்தை ஆளைக் கொல்லாது என்று நான் சொல்ல மாட்டேன், இங்கே கொன்றிருக்கிறது.

ஆனால் அரசு செய்தது என்ன? 2018 மார்ச்சில் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு கிழமை முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடி. பாதிக்கப்பட்டவர்கள் உறவினரைத் தேட முடியாமல் தவித்தார்கள், தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலி தெரிந்தவர்கள் வழக்கம்போல வதந்தி பரப்பினார்கள். 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருளில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதைத் தாக்குதல் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்தது. பொலிஸ் பிடித்தவர்களில் அந்த வரியை எழுதியவரும் ஒருவர். மறுநாள் வன்முறை குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் பரவி, ஒரு மனிதரின் உயிரும் போனது. வெறுப்பைத் தடுக்க இல்லாமற்போனது சட்டமல்ல, கூட்டத்தின் முன்னால் போய் நிற்கும் பொலிஸ்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கோடு சமூக ஊடகங்களையும் அடைத்தார்கள். அன்றைக்கு இனக்கலவரம் எதுவும் இல்லை, மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத மக்கள் தெருவுக்கு இறங்கவிருந்தார்கள். அப்போதைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே இதில் பயனில்லை, நானும் விபிஎன்னில்தான் வந்திருக்கிறேன் என்ற மாதிரி ட்விட்டரில் எழுதினார். மனித உரிமைகள் ஆணைக்குழு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைக் கேள்வி கேட்டது, அன்று மாலைக்குள் தடை போய்விட்டது. அதற்கு ஓரிரு நாள் முன்னர், ஜனாதிபதியை எதிர்த்து முகநூல் பக்கம் நடத்திய ஓர் இளைஞரை மோதறைப் பொலிசில் வைத்திருந்தார்கள். செய்தி பரவியதும் சட்டத்தரணிகள் பலர் பணம் வாங்காமல் அந்த வாசலுக்குப் போய் நின்றார்கள். அவருக்குப் பிணை கிடைத்தது. இந்த நகரத்தில் பேச்சுரிமை காப்பாற்றப்பட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த இரவுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

இப்போது நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது இணையப் பாதுகாப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் ஆணைக்குழு, எது பொய்யான கூற்று என்று பார்த்து, நீக்கச் சொல்லிப் பணிக்கலாம். தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான பொய் என்றால் ஐந்து வருடம் வரை சிறை. பெண்களின் அந்தரங்கப் படங்களைப் பரப்புவதைத் தடுக்கும் பிரிவுகளும் அதில் உண்டு, அவை தேவையானவை. அந்தத் தேவையைக் காட்டித்தான் மற்றவற்றையும் விற்றார்கள். சட்டமூலத்துக்கு எதிராக நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 வாக்குகளால் நிறைவேற்றினார்கள், பெப்ரவரி 1 சபாநாயகர் கையொப்பமிட்டார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே எழுதியது. சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து தோற்றது.

திருத்தம் விடுபட்டது உண்மை என்றால் இன்னும் வழக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. நமது அரசியலமைப்பின்படி, சபாநாயகர் கையொப்பமிட்ட பிறகு ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து ஒரு கிழமை, அதற்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் உண்டு. எந்தப் பிரஜையும் போகலாம், நீங்களும்தான். ஆனால் அந்த ஒரு கிழமை எப்போது தொடங்குகிறது என்று தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் வருவதில்லை, சட்டமானபின் பெரிய எழுத்தில் வரும். வர்த்தமானியும் சட்டமூலங்களும் தமிழிலும் வெளியாகின்றன, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மொழிநடை கொஞ்சம் கல்லும் முள்ளும்தான். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தடவை பார்த்து, தண்டனையையும் பிணையையும் வரைவிலக்கணத்தையும் மட்டும் நல்ல தமிழில் எழுதிப் போட்டாலே பெரிய வேலை.

பேச்சுரிமைக்கு எல்லையே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அரசியலமைப்பின் 14(1)(அ) பேச்சுச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது, 15ஆம் உறுப்புரை இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்று எல்லைகளையும் போடுகிறது. அவதூறைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டப் பிரிவுகளை 2002இலேயே நீக்கினார்கள், ஒருவர் உங்களைப் பற்றிப் பொய் எழுதினால் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். நாடு அதனால் இடிந்து விழவில்லை. வன்முறைக்கு ஆள் சேர்ப்பது குற்றமாகவே இருக்க வேண்டும். எது பொய் என்று தீர்மானிக்கும் கதிரையில் ஜனாதிபதி நியமித்தவரை உட்கார வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்தக் கதிரை நம்மிடம் வரும் என்று கனவு காணாதீர்கள், சிறுபான்மைக்கு அது எப்போதும் எதிர்ப்பக்க மேசைதான்.

கடைசியாக, உண்மையிலேயே ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் போன் வரும். உங்கள் படத்தையோ தங்கையின் படத்தையோ காட்டி யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற தளத்தில், படத்தைப் பதிவேற்றாமலே அதன் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கிக் கொடுத்தால், பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கும். ஹிதவதி என்ற உதவிச் சேவையும் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவும் இதில் உதவுகின்றன.

பொலிஸ் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். என்ன சட்டம், எந்தப் பிரிவு, எந்த நிலையம் என்று கேட்டு வீட்டுக்குச் சொல்லுங்கள். போனை விரலால் திறப்பதை விட்டுவிட்டு ஆறிலக்கக் கடவு எண் வைத்துக்கொள்ளுங்கள், நித்திரையில் விரலை எடுத்து வைத்துவிடலாம், மூளையில் இருக்கும் எண்ணை எடுக்க முடியாது. போனை எடுத்துப்போனால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வாக்குமூலம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் கையொப்பம் வைக்காதீர்கள், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, அலுவலகம் பம்பலப்பிட்டியில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதந்தான் அவகாசம். வெளியே வந்து மூச்சு விட்டு, கோயிலுக்குப் போய், சொந்தக்காரரோடு கதைத்து முடிப்பதற்குள் அது போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வெறும் கடிதம் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அதனால் முறைப்பாட்டு இலக்கத்தை எழுத்தில் வாங்குங்கள், போட்டோ எடுத்து உங்கள் போனில் இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள்.